சபரிநாதனின் நாலறைப் பெட்டி

எங்கள் கம்பெனியில் ரப்பர் கலக்குகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் தள்ளி இருக்கிறது, பெயர் வேண்டாம். கார்பன் தூள், எண்ணெய், கந்தகம், இன்னும் பத்துப் பன்னிரண்டு மருந்து சேர்த்து ரப்பரை மில்லில் அரைத்துப் பட்டையாக எடுத்துக் கொடுப்போம். வாங்குகிறவன் அதில் வாஷர் அடிப்பான், ஹோஸ் இழுப்பான். எந்த மருந்து எத்தனை கிராம் என்பதுதான் இந்தத் தொழிலில் சொத்து. அந்தச் சீட்டுக்கு ரெசிபி என்று பெயர்.

ரெசிபியைக் காப்பாற்ற முதலாளிமார் எல்லாரும் ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறார்கள். மூட்டை வந்த அன்றே அதன் மேலிருக்கும் பெயரைக் கிழித்துவிடுவார்கள். மருந்தை டிரம்மில் கொட்டி, டிரம்மின் மேல் பெயிண்டில் கே-4, எம்-7 என்று எழுதிவிடுவார்கள். எடை போடுகிறவளுக்கு எம்-7 எண்ணூறு கிராம் என்று தெரிந்தால் போதும். எம்-7 என்றால் என்ன என்று தெரியக் கூடாது. எங்கள் எடை அறையில் பதினேழு வருடமாக இருந்தது கங்கம்மா. காண்டிராக்ட் ஆள்தான், ஆனாலும் தராசு அவள் பேச்சைக் கேட்கும். நான் அடுத்த கொட்டகையில் மில் ஓட்டுகிறேன்.

சபரிநாதன் லேப் அசிஸ்டெண்ட். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். அவன் அப்பன் இன்னும் இறாலுக்கு ஏரியில் இறங்குகிறவர். பொன்னேரியில் கணக்குப் படித்து டிகிரி வாங்கிவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் இருபத்திரண்டு வயதில் எங்களிடம் வந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சந்திரமோகன் அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிக் காக்களூர் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார். லேப்பில் சேருகிற எல்லோருக்கும் அதுதான் முறை. ரெசிபியைக் கற்றுக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாது அல்லவா. போகிறவன் முதலாளி மனசு வைத்தால் வாங்கிக்கொண்டு போகலாம். மனசு வைத்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு எண்கள்தான் பைத்தியம். டீ நேரத்தில் எல்லாரும் வெளியே நின்று கதை பேசினால் இவன் கார்பன் மூட்டை மேல் உட்கார்ந்து கிழிந்த மூட்டைக் காகிதத்தில் எதையோ பெருக்கிக்கொண்டிருப்பான். கேட்டால் சொல்லுவான். புரிகிறதா என்று நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லுவான். ஆறாவதோடு நின்றவன் நான். எனக்கே புரிய வைத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளிக்கு ஒரு தலைவலி வந்தது. வாடிக்கைக் கம்பெனிகள் தங்கள் சொந்த ரெசிபியை அனுப்பி, இதைக் கலக்கிக் கொடு என்று கேட்க ஆரம்பித்தன. கவரில் வைத்து அனுப்பினால் டிரைவர் போட்டோ எடுக்கிறான். மெயிலில் அனுப்பினால் ஆபீசில் நாலு பேர் படிக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக ரகசியச் சொல் வைத்துக்கொண்டால், அந்தச் சொல்லை அவர்களுக்கு எப்படி அனுப்புவது? அதையும் யாராவது படிப்பான்.

சபரி நேராகப் போய் முதலாளியிடம் சொன்னான். திருப்பாச்சூர் கோயிலில் உண்டியல் இருக்கிறது, ஊரெல்லாம் அதில் போடுகிறது, போட்டவனால்கூடத் திரும்ப எடுக்க முடியாது, திறக்கிறவன் ஒருத்தன்தான். எண்களாலேயே அப்படி ஒரு உண்டியல் செய்யலாம் என்றான். பெரிய கம்பெனிகள், பேங்குகள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன என்றும் சொன்னான். முதலாளி, செலவில்லாமல் செய் என்றார்.

செலவில்லாமல் என்றால் எடை அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு நெட்டும் கிடையாது. இருந்தது எக்செல் ஒன்றுதான். அது பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி எண்களைத் தின்றுவிடும். ஆகவே பெருக்கினாலும் பதினைந்தைத் தாண்டாத மாதிரி, கோடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பகா எண்ணைப் பிடித்தான். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத எண். எந்தப் பெருக்கலைச் செய்தாலும் அதனால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெட்டி. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு அறை. அறைக்கு ஒரு எண். மேட்ரிக்ஸ் என்பான், நான் பெட்டி என்றே சொல்லுவேன். பெட்டியைப் பெட்டியால் பெருக்கலாம். அறைக்கு அறை பெருக்குவதில்லை, வரிசையை நெடுக்கோடு சேர்த்துப் பெருக்கிக் கூட்டி மீதி எடுக்க வேண்டும். இப்படி ஒரே பெட்டியை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போனால் நாலு அறையிலும் எண்கள் கண்டபடி குதிக்கும். முதல் பெட்டிக்குத் திரும்பி வர, ஏறக்குறைய கோடியைக் கோடியால் பெருக்கின அத்தனை தடவை ஆகும். எத்தனையாவது தடவையில் நிறுத்தினோம் என்பதுதான் சாவி. முதல் பெட்டியையும் நிறுத்தின பெட்டியையும் ஊருக்கே காட்டலாம். பார்க்கிறவனால் தடவையைச் சொல்ல முடியாது.

அத்தனை கோடி தடவை நீ மட்டும் எப்படிப் பெருக்கினாய் என்று கேட்டேன். இரட்டித்து இரட்டித்துப் போனால் நாற்பத்தேழு படியில் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன், தடவை தெரியாதவன் ஒவ்வொன்றாக நடந்துதான் தேட வேண்டும் என்றான். ரெசிபி அனுப்புகிறவன் தனக்கென்று ஒரு தடவையை வைத்துக்கொண்டு, முதல் பெட்டியை அத்தனை தடவை பெருக்கி எங்களுக்கு அனுப்புவான். எங்கள் கடைசிப் பெட்டியையும் அதே தடவை பெருக்கி, வருகிற எண்களை ரெசிபியின் மேல் போட்டு மூடுவான். நாங்கள் அவன் அனுப்பின பெட்டியை எங்கள் தடவைக்குப் பெருக்கினால் மூடின எண்களே கையில் வந்துவிடும். யார் முதலில், யார் பின்னால் என்றாலும் போய்ச் சேருகிற பெட்டி ஒன்று.

ஆறு மாதம் தானே பூட்டித் தானே உடைக்கப் பார்த்தான். முடியவில்லை. முதலாளி வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லி, வெளியாள் யாராலும் திறக்க முடியாது என்று ஒரு தாள் அடித்து, கீழே இவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். அன்று அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை வீட்டில் படம் எடுத்து அவனுடைய பழைய வாத்தியார் ஒருவருக்கு அனுப்ப, அவர் சென்னையில் ஒரு கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே இந்த வேலையையே செய்கிற கணக்கு மேடம் ஒருவர் கூப்பிட்டுப் பேசினார். ஆள் தேவைப்படுகிறது, சம்பளமும் உண்டு, மேலே படிக்கவும் செய்யலாம், ஜூலை ஒன்றாம் தேதி ஒரிஜினலோடு வந்து சேர் என்று கடிதம் வந்தது. சபரி முதலாளியிடம் காட்டினான். முதலாளி நாலு நாள் பதில் சொல்லவில்லை. அப்புறம், ஜூன் மாதக் கடைசிக்குள் வேறு ஆளுக்கு எல்லாம் சொல்லிக்கொடு, பீரோவைத் திறக்கிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் அவன் கையைப் பிடித்துச் சொன்னதை நானே பார்த்தேன்.

அந்த ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில்தான் மூஞ்சி செத்துப்போய் என் மில்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"துலுக்காணம் அண்ணே, பெட்டி தொறந்துக்கிச்சு."

"எவன்டா தொறந்தான்?"

"நான்தான். ஞாயித்துக்கிழம ஊட்ல குந்திக்கினு. நாலு அறையைக் குறுக்கால பெருக்கிக் கழிச்சா ஒரே ஒரு நம்பர் வருது இல்ல, அத்தப் பார்க்கவே இல்ல அண்ணே நானு."

சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. மேல் இடது அறையைக் கீழ் வலதோடு பெருக்கி, அதிலிருந்து மற்ற இரண்டின் பெருக்கலைக் கழித்தால் பெட்டிக்கு ஒரு எண் கிடைக்கும். பெட்டியைப் பெட்டியால் பெருக்கும்போது இந்த ஒற்றை எண்ணும் கூடவே பெருகிக்கொண்டு போகிறது, அதே தடவை. நாலு அறையும் கண்டபடி குதித்தாலும் இது ஒழுங்காக வரிசையில் நடக்கிறது. இதன் சுற்று ஒரு கோடிதான். ஒரு கோடியை எக்செல்லில் பத்து ஷீட்டில் எழுதிவிடலாம். அதில் நம் எண் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், ரகசியத் தடவை ஒவ்வொரு சுற்றிலும் எந்த இடத்தில் விழும் என்று தெரிந்துவிடும். எத்தனையாவது சுற்று என்பதற்கு இன்னொரு கோடியைத் தேடினால் போதும். கோடியைக் கோடியால் பெருக்கின தூரம் என்று நம்பிக்கொண்டிருந்தது, கோடியோடு கோடியைக் கூட்டின தூரம்தான். அரை நாள் வேலை.

முதலாளியிடம் சொல் என்றேன். சொல்லத்தான் போனானாம். அவர் அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வாடிக்கைக்காரர் ஒருவருக்கு அந்தத் தாளைக் காட்டி ஆர்டர் வாங்கியிருந்தார். வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

"இருபத்தோரு நாள்தான் அண்ணே. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் லெட்டர்ல எழுதிப் போட்டுடறேன், பெரிய நம்பரா மாத்துங்கன்னு. இப்ப சொன்னா பீரோ தொறக்குமா?"

தொறக்காது. எனக்கும் தெரியும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். இதில் என் பங்கும் உண்டு.

இருபத்தி மூன்றாம் தேதி விஷயம் வெடித்தது. காக்களூரில் போட்டிக் கம்பெனி ஒன்று எங்கள் வாடிக்கைக்காரருடைய கலவையை அப்படியே செய்து விற்கிறது என்று தகவல் வந்தது. சோதித்துப் பார்த்தால் கிராம் மாறவில்லை. முதலாளி கும்மிடிப்பூண்டிக்கு வந்து எல்லாரையும் எடை அறையில் கூட்டினார். அவர் கணக்கு நேர்க்கணக்கு. வெளியிலிருந்து பெட்டியைத் திறக்க முடியாது, ஆகவே உள்ளே திறந்த பிறகுதான் போயிருக்கிறது. திறக்கிற சபரியின் சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது, அவன் துணிய மாட்டான். திறந்ததைக் கையில் வாங்குகிறது கங்கம்மா ஒருத்திதான்.

கங்கம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கத் தெரியவில்லை.

"நான் எடுக்கணும்னா இந்தக் கம்ப்யூட்டரு எதுக்கு சார்? எம்-7 இன்னான்னு எனக்குத் தெரியாதா? மூக்குல புடிச்சா சொல்லிடுவேன். கே-4 வெள்ள, கையில போட்டா வழுக்கும், உள்ளங்கை காஞ்சிப்பூடும். டி-2 நாத்தம் ரெண்டு நாளிக்குத் தலையில நிக்கும். பதினேழு வருசமா எல்லாம் தெரியும். விக்கறவளா இருந்தா இவன் பொட்டி செய்யறதுக்கு முன்னயே வித்திருப்பேன்."

உண்மை அது. எடை அறையில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். முதலாளிமார் பெயரைக் கிழிப்பார்கள், நாற்றத்தைக் கிழிக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னது தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு அது புதுச் செய்தி. எல்லாம் தெரிந்தவள், ரெசிபி கையில் வருகிறவள், அவளே ஒப்புக்கொண்டாள் என்றார். மறுநாள் காலை போலீசில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, அதுவரை அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஊத்துக்கோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதித்த பிறகு அந்தப் பேச்சு என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சபரி சுவரோரம் நின்றிருந்தான். முப்பதாம் தேதிக்கு ஏழு நாள். நான் அவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி வாசலைத் தாண்டுகிற நேரம் வாயைத் திறந்தான்.

"சார், வெளியில இருந்து தொறக்கலாம்."

முதலாளி நின்றார். யார் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான் சொல்றேன். நான் செஞ்சது தப்பு. நீங்களே புதுசா ஒரு நம்பர் வெச்சுப் பூட்டுங்க. எங்கிட்ட நம்பரைச் சொல்லாதீங்க, வெளிய காட்டற பெட்டியை மட்டும் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பழைய கம்ப்யூட்டரில் தானே எண்ணைப் போட்டார். போட்ட எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வந்த பெட்டியின் நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி நீட்டினார். சபரி ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். மேனேஜர் எபினேசர், லேப்பில் புதிதாகச் சேர்ந்த அன்புராஜ், சூப்பர்வைசர், நான் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கங்கம்மா கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் டிபன் பாக்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதை எப்படிச் சொல்வது. பார்க்க ஒன்றுமே இல்லை. ஷீட் ஷீட்டாக எண்கள் ஓடின. அவன் முதலில் ஒற்றை எண்ணைப் பிடித்து ஒரு இடத்தைக் குறித்தான். அப்புறம் அடுத்த தேடலைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். சாப்பாட்டு மணி அடித்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மூன்றரை மணிக்குப் பேனாவை எடுத்துப் பதினாலு இலக்கம் எழுதி முதலாளியிடம் கொடுத்தான்.

"முதல் பத்தும் உங்க போன் நம்பர் சார். கடைசி நாலு கார் நம்பர்."

முதலாளி சீட்டை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கங்கம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். அவள் வந்ததும், நாளையிலிருந்து வேலைக்கு வா, போலீஸ் எல்லாம் கிடையாது என்றார். எங்கள் நாலு பேரையும் பார்த்து, இன்று பார்த்தது இந்தக் கொட்டகையைத் தாண்டக் கூடாது என்றார். பிறகு சபரியை மட்டும் நிறுத்திக்கொண்டார். நான் தராசைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"பதினஞ்சு நாளா சார்."

"அப்ப பதினஞ்சு நாளா சாவி இல்லாம என் வாடிக்கைக்காரன் ரெசிபியைத் தொறக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன். அதுக்கு நாலு பேர் சாட்சி, நீயே உக்காந்து காட்டிட்ட. நான் இன்னா நினைக்கறது? போலீசு இன்னா நினைக்கும்?"

நான் எடுக்கவில்லை என்றான் சபரி. நீ எடுத்தாய் என்று நான் சொல்லவில்லையே என்றார் அவர். ஆனால் நீ வெளியே போனால் இது வெளியே போகும். வாடிக்கைக்காரனுக்குத் தெரிந்தால் கம்பெனி மூடிக்கொள்ளும். நூற்றுப் பத்துப் பேர் ரோட்டில் நிற்பார்கள். வெளியாள் திறக்க முடியாது என்று கையெழுத்துப் போட்டதும் நீதான். அதனால் இரு. சம்பளம் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், இரு.

"ஒன்னாந்தேதி சேரணும் சார்."

"எத்த வெச்சிக்கினு சேருவ?" என்று கேட்டுவிட்டு அவர் காரில் ஏறினார்.

அப்படியானால் பூட்டையாவது மாற்றுங்கள் என்று மறுநாள் போய்க் கேட்டிருக்கிறான். இருநூறு முந்நூறு இலக்கப் பகா எண்ணை வைத்து உலகமே சோதித்துப் பார்த்த முறை இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறேன் என்றான். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று வாடிக்கைக்காரன் கேட்பான் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

ஜூலை ஒன்றாம் தேதி அவன் வேலைக்கு வந்தான். எப்போதும் போலக் கேட்டில் போனைக் கொடுத்தான், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டான். நான் சண்டை போட்டேன். சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு, லேபர் ஆபீசுக்குப் போ, திருவள்ளூர்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடு, நான் கூட வருகிறேன் என்றேன். எல்லாம் யோசித்திருந்தான். மனு கொடுத்தால் சர்டிபிகேட் வரும், மறுநாள் திருட்டுப் புகாரும் வரும். புகார் நிற்காது என்று வக்கீல் சொல்லலாம். நிற்காமல் போக எத்தனை வருடம்? அதுவரை எந்தக் கல்லூரி உள்ளே விடும்? விரல் விட்டு எண்ணினான். எந்தப் பக்கம் எண்ணினாலும் இதே கொட்டகைக்குத்தான் வந்து நிற்கிறது என்றான்.

கங்கம்மா அவனுக்கு நன்றி சொல்லவில்லை. முதல் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பதினைந்து நாளாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தானே என்று என்னிடம் சொன்னாள். நியாயம்தான். ஒரு நாள் அவனிடமே கேட்டாள்.

"எனக்காகச் சொன்னியா, மனசு கேக்காம சொன்னியா?"

"தெரியலக்கா. அவரு தப்பான கணக்கை வெச்சிக்கினு உன்னை மாட்டினாரு. அந்தக் கணக்கு என்னுது."

அவள் தராசில் கல்லைப் போட்டாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். காண்டிராக்ட் ஆள், அவளிடமிருந்து வாங்கி வைக்க ஒரு காகிதமும் இல்லை. இப்போது கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் எடை போடுகிறாள். அங்கேயும் டிரம்மில் எழுத்துதான். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாளாம். மூத்த பெண்ணின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. சபரியும் நானும் போய்ச் சாப்பிட்டோம்.

யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பெட்டியை உடைத்தார்களா, வாடிக்கைக்காரரின் ஆபீசிலிருந்தே போனதா, யாருக்கும் தெரியவில்லை. முதலாளி தேடவும் இல்லை. தேடினால் பேச்சு வெளியே போகும்.

வாரத்துக்கு நாலைந்து ரெசிபி வருகிறது. சபரிதான் திறந்து, அச்சடித்து, எடை அறைக்குக் கொடுக்கிறான். நோட்டுப் புத்தகம் எழுதுவதை விட்டுவிட்டானா என்றால் இல்லை. இப்போது ஒன்பது அறைப் பெட்டி, பதினாறு அறைப் பெட்டி என்று என்னென்னவோ போட்டுப் பார்க்கிறான். ஒவ்வொன்றிலும் முதலில் எந்த வழியாக ஒழுகும் என்றுதான் தேடுகிறான். முன்பெல்லாம் கேட்காமலே விளக்குவான். இப்போது கேட்டால் புத்தகத்தை மூடுகிறான்.

போன மாதம் அந்த மேடம் திரும்பக் கூப்பிட்டார். டீ நேரத்தில் கேட்டருகே பேசினான், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இந்த வருடமும் இடம் இருக்கிறது, உன் பூட்டில் ஓட்டை இருக்கிறதே, அதைக் கவனித்தாயா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு முதல் நாளே தெரியுமாம். வந்து சேர்ந்த பிறகு அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தாராம்.

"கவனிச்சேன் மேடம்," என்றான். எப்போது வருகிறாய் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. பிறகு, சொல்கிறேன் மேடம் என்று வைத்துவிட்டு, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனான்.